இரண்டு பேருக்கு மூன்று பேரிக்காய்

எங்கள் திருமண நாள் இரவில் என் மனைவி குப்பைக்கூடையிலிருந்து ஒரு காலி பாக்கெட்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீகன் ஆகி, அதாவது விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்து, அப்போது ஐந்து மாதம். நான் மத்தியானத்திலிருந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முந்திரியை ஊறவைத்து அரைத்து, பிஸ்கட்டைப் பொடித்து அடியில் பரப்பி, மேலே சிவப்பாக ஒரு ஜெல்லி அடுக்கு ஊற்றி, அதற்கும் மேலே ஸ்ட்ராபெர்ரிகளை வட்டமாக அடுக்கி ஒரு கேக் செய்து வைத்திருந்தேன். பால் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் கண்ணில் அந்தப் பாக்கெட் பட்டுவிட்டது.

"ஜெல்லிக்கு ஜெலட்டினா போட்டே?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பாவமாகக் கேட்டாள்.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற புரதம். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, எப்போதோ படித்ததுதான். கையில் பாக்கெட்டை வைத்துக்கொண்டு தூளை அளந்து போடும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் ஜெல்லியில் படாத ஸ்ட்ராபெர்ரியாகப் பார்த்து நாலைந்தை எடுத்துத் தின்றுவிட்டு, "இது நல்லா இருக்குப்பா" என்றாள். ஆறு மணி நேர வேலையில் அவள் சாப்பிட்டது, நான் கையே வைக்காத அந்தப் பழத்தை மட்டும். அடுத்த வருஷங்களில் நான் மெதுவாகப் போய்ச் சேர்ந்த இடமும் ஏறக்குறைய அதுதான், ஆனால் நடுவில் இன்னொரு கூத்தும் நடந்தது, அதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், வீகன் சமையலில் புதிதாகக் காலை வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. (நனிசைவம் என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது, எங்கள் வீட்டில் நான் சொன்னால் மட்டும் அவள் சிரிக்கிறாள்.) 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும், வெஜிடேரியன் என்ற சொல்லின் தலையையும் வாலையும் சேர்த்து வீகன் என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்கள். அதன் கணக்குப்படி பாலும் முட்டையும் தேனும் விலக்கு. இது எல்லாருக்கும் தெரியும். பிரச்சினை, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவற்றில்தான். டார்க் சாக்லேட் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பின்னால் திருப்பினால் பால் கொழுப்பு என்று பொடி எழுத்தில் இருக்கும். இனிப்புகளுக்கு அழகான சிவப்பைத் தரும் கார்மைன், ஒரு பூச்சியை உலர்த்தி எடுப்பது. மிட்டாய்களின் பளபளப்பு சிலவற்றில் அரக்கிலிருந்து வருகிறது, அதுவும் பூச்சி தருவதுதான். வைனைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளையோ முட்டை வெள்ளைக்கருவையோ சில இடங்களில் சேர்க்கிறார்கள். சில நாடுகளில் சர்க்கரையை வெளுக்கவே எலும்புக் கரியைப் பயன்படுத்துகிறார்கள். இதையெல்லாம் படித்தபோது முதலில் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் உறைத்தது, பாக்கெட் குறைந்தால் படிக்க வேண்டிய பொடி எழுத்தும் குறையும். ஒரு முழுப் பழத்தின் தோலில் யாரும் எதையும் அச்சடித்து வைப்பதில்லை.

இரண்டாவது வருஷம் அந்தத் தெளிவோடுதான் ஆரம்பித்தேன். ஸ்ட்ராபெர்ரியைச் சாக்லேட்டில் முக்கி எடுப்பது. படத்தில் பார்த்தால் இதைவிட எளிதான காரியம் உலகத்திலேயே இல்லை. சாக்லேட்டை உருக்கு, பழத்தை முக்கு, ஆறவை, முடிந்தது. நான் பழங்களை நன்றாகக் கழுவி, ஈரத்தோடே கொண்டுவந்து, உருகி வழவழப்பாக இருந்த சாக்லேட்டில் முதல் பழத்தை முக்கினேன், இரண்டாவதை முக்கினேன், நான்காவதற்குள் கிண்ணத்தில் இருந்தது சாக்லேட்டாக இல்லை, குழைத்த களிமண் மாதிரி திரிதிரியாகத் திரண்டுவிட்டது. அடுப்பில் வைத்துச் சூடு ஏற்றினேன், இன்னும் மோசமாயிற்று. மணி ஏழரை. அவள் கூடத்தில் புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன நடந்தது என்று அப்புறம் தேடித் தெரிந்துகொண்டேன். உருகிய சாக்லேட் என்பது கோகோ வெண்ணெய் என்னும் கொழுப்பில் கோகோத் துகளும் சர்க்கரைத் துகளும் மிதக்கிற ஒரு சமாச்சாரம், அதில் தண்ணீரே கிடையாது. நாலு சொட்டு ஈரம் விழுந்தால் போதும், சர்க்கரை அதைக் குடித்துவிட்டுப் பசையாகி, பக்கத்தில் இருக்கிற துகளையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இதுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது: நாலு சொட்டுத் தண்ணீர் சாக்லேட்டைக் கெடுக்கும், நாலு கரண்டித் தண்ணீர் அதையே காப்பாற்றும். தாராளமாக வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் அந்தப் பசை கரைந்து, துகள்கள் விடுபட்டு, பளபளவென்று குழம்பாக வந்துவிடுகிறது. முக்கி எடுக்க ஆகாது, ஊற்றிச் சாப்பிட அருமையாக இருக்கும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அவ்வளவையும் வழித்துக் கொட்டியிருக்க மாட்டேன்.

சாக்லேட் முக்கிய ஸ்ட்ராபெர்ரியை நான் குறை சொல்லவில்லை. பழம் எலும்பு மாதிரி உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். துணியால் ஒற்றி எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட வைத்தால் போதும். ஓட்டில் அந்தக் கடைப்பளபளப்பும் உடைக்கும்போது டக்கென்ற சத்தமும் வேண்டுமென்றால் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 வரை ஆறவிட்டு, மறுபடி 31 வரை ஏற்றி, இப்படி வெப்பமானியோடு மன்றாட வேண்டும். கோகோ வெண்ணெய் பல விதமான படிகங்களாக உறையக்கூடியது, அதில் ஒரே ஒரு விதம்தான் அந்தப் பளபளப்பைத் தரும் என்பதால் இத்தனை பாடு. அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில், நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். எல்லாம் சரி, காதலுக்கான ஒரு சாயங்காலத்தில் கையில் வெப்பமானியோடு நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டு வருஷமும் நான் செய்த தவறு ஒன்றேதான். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் உள்ளே இருந்தேன். இரண்டு பேருக்கான சாப்பாட்டில் ஒருவர் முக்கால்வாசி நேரம் அடுப்படியில் நின்றால் அதற்குப் பேர் விருந்தா? அதனால் மூன்றாவது வருஷம் பட்சணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என் கணக்கே வேறாக இருந்தது. முதல் நாளே முடித்துவிட வேண்டும், ராத்திரி வைத்திருந்தால் ருசி கூட வேண்டும், குறையக் கூடாது. பரிமாறும் நேரத்தில் மிக்ஸி போடக் கூடாது, அந்தச் சத்தத்தில் எந்தப் பேச்சும் செத்துப்போகும். சாப்பிட்ட பிறகு வயிறு கல்லாகக் கனக்கக் கூடாது. அப்புறம் மிக முக்கியமானது, இன்னொன்றின் வேஷம் போடக் கூடாது. பாலில்லாத பால்கோவா, முட்டையில்லாத முட்டைப் பட்சணம் என்று ஒன்றைச் செய்து வைத்தால், சாப்பிடுகிறவர் ஒவ்வொரு வாய்க்கும் அசலை நினைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். பழத்துக்கு அந்தக் கவலையே இல்லை, அது என்றைக்கும் வீகன்தான்.

இத்தனைக்கும் பொருந்தி வந்தது பாகில் வேகவைத்த பேரிக்காய்.

"பேரிக்காயைப் போய் யாராவது வேகவைப்பாங்களா?" என்று அவள் முகம் சுளித்தது உண்மை. வேகவைப்பார்கள், அதற்கென்றே பிறந்த பழம் அது. பேரிக்காய் மரத்திலேயே பழுத்தால் உள்ளே நரநரவென்று மாவாகிவிடும் என்பதால் முற்றியதும் பறித்து, பறித்த பிறகே பழுக்கவைக்கிறார்கள். அதுவும் உள்ளிருந்து வெளியே பழுக்கும், ஆகவே அடிப்பாகத்தை அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. காம்புக்குப் பக்கத்தில், கழுத்தை விரலால் லேசாக அழுத்த வேண்டும். நெகிழ்ந்து கொடுத்தால் சாப்பிடத் தயார். நமக்கு வேண்டியது அதற்கு ஒரு நாள் முன்பக்கம், கழுத்து கொடுத்தும் கொடுக்காமலும் இருக்கிற பதம். முழுக்கப் பழுத்தது பாகில் குழைந்து கூழாகும். பச்சைக்கல்லாக இருப்பது எவ்வளவு வெந்தாலும் வாசனை வராமல் சவசவ என்றிருக்கும்.

மூன்று பழம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று கேட்காதீர்கள், காரணம் வருகிறது. காம்பை மட்டும் விட்டுவிட்டுத் தோலை மேலிருந்து கீழாகச் சீவி, உடனே எலுமிச்சைச் சாறு தடவிவிட வேண்டும். சீவிய பழத்தில் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிப் பழத்தைப் பழுப்பாக்கும், புளிப்பு அதன் கையைக் கட்டிப்போடும். மூன்றும் நெருக்கமாக அடங்குகிற சின்ன எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் 400 மில்லி மாதுளைச் சாறு, 350 மில்லி தண்ணீர், 120 கிராம் சர்க்கரை, ஒரு துண்டுப் பட்டை, ஒரே ஒரு கிராம்பு, எலுமிச்சைத் தோலில் வெள்ளை ஒட்டாமல் சீவிய ஒரு கீற்று. இதற்கு வைன் ஊற்றுவதுதான் வழக்கம், தெளியவைத்த கதை தெரியாத வைனை வாங்கி அதன் பின்னாலும் அலைய எனக்குப் பொறுமை இல்லை. மாதுளைக்கும் அந்தத் துவர்ப்பும் சிவப்பும் இருக்கின்றன. சாறு நீங்களே பிழிந்தால் உத்தமம், கொட்டைகளை நசுக்கி அரைத்துவிட்டால் கசக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கரைந்து சூடானதும் பழங்களை இறக்கி, சிம்மில் வைத்துவிடுங்கள். கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக வந்து போனால் போதும். பழம் மிதக்கும், மேல்பாதி பாகுக்கு வெளியே வெளுத்து நிற்கும். அதற்கு எண்ணெய்த்தாள் என்கிற அந்த பேக்கிங் காகிதத்தைப் பாத்திரத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, பழத்தின் மேலேயே படுகிற மாதிரி மூடிவைக்க வேண்டும். தட்டைப் போட்டு மூடுவதைவிட இது மேல், ஆவி கொஞ்சம் போகவும் செய்யும், பழம் நனைந்தும் இருக்கும். நடுநடுவே திருப்பிவிடுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் பழத்தின் இனிப்பெல்லாம் வெளியே போய்ச் சக்கை மிஞ்சும். பாகில் சர்க்கரை இருப்பதால் அந்தப் போக்குவரத்து மட்டுப்படுகிறது, புளிப்பு இருப்பதால் பழத்தின் கட்டு சட்டென்று தளராமல் உருவம் நிற்கிறது.

பதினைந்து நிமிஷத்திலும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம், அது பழத்தைப் பொறுத்தது, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மெல்லிய கத்தியைக் குத்தினால் உருகாத வெண்ணெயில் இறங்குவது போல ஒரு சின்னத் தடையோடு இறங்க வேண்டும். இப்படிக் குத்திக் குத்திப் பார்ப்பதற்குத்தான் அந்த மூன்றாவது பழம். இரண்டு அழகான பழங்களில் ஓட்டை போடாமல் காப்பாற்ற ஒன்று தியாகம் செய்கிறது, கடைசியில் அது சமைத்தவர் வயிற்றுக்குப் போகிறது, யாருக்கும் நஷ்டமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுப் பாகிலேயே ஆறவிட்டு, அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். நிறம் உள்ளே இறங்குவது அந்த இரவில்தான். மறுநாள் வெட்டிப் பார்த்தால் ஓரம் கருஞ்சிவப்பு, உள்ளே போகப் போக இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை. பழங்களை எடுத்து வைத்துவிட்டு மிச்சப் பாகை மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். கம்பிப் பதம் எல்லாம் பார்க்க வேண்டாம், கரண்டியின் முதுகில் ஒட்டினால் இறக்கிவிடலாம், ஆறும்போது தானே இறுகும். நான் ஒருமுறை "இன்னும் கொஞ்சம்" என்று விட்டு, தட்டில் கோந்து பரிமாறியிருக்கிறேன்.

மேலே ஊற்றத்தான் அந்தப் பழைய சாக்லேட் பாடம். பால் கொழுப்பு சேராத, 70 சதவிகிதம் கோகோ உள்ள சாக்லேட் 50 கிராமைப் பொடியாக நறுக்கி, கொதித்து இறக்கிய வெந்நீர் 50 மில்லியை அதன் மேல் ஊற்றி, ஒரு நிமிஷம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்குங்கள். முதலில் திரிந்த மாதிரி தெரிந்து பயமுறுத்தும், விடாமல் கலக்கினால் திடீரென்று கண்ணாடி போலாகிவிடும். ஒரு கல் உப்பு. பாலாடையும் வேண்டாம், தேங்காய்ப்பாலும் வேண்டாம், தண்ணீர் மட்டும். நாக்குக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வேறு கொழுப்பு வந்து குறுக்கே நிற்காததால் சாக்லேட்டின் ருசி சுளீரென்று தெரிகிறது. ஹெர்வே தீஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இன்னும் ஒரு படி போய், சாக்லேட்டையும் தண்ணீரையும் சேர்த்துப் பனிக்கட்டி மேல் வைத்து அடித்தே கிரீம் போன்ற நுரையை வரவழைத்துக் காட்டினார். நானும் முயன்றேன். நுரை வந்தது, மகிழ்ச்சியில் இன்னும் இரண்டு அடி அடித்தேன், மணல் மாதிரி ஆகிவிட்டது. உருக்கி மறுபடி அடித்தால் சரியாகும் என்பதுதான் அதில் உள்ள ஒரே ஆறுதல்.

மேலே தூவ, வறுத்துச் சீவிய பாதாம். இங்கே ஒரு சின்னத் தகவலை வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு மேசையில் பேச உதவும். பேரி, ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, பாதாம் எல்லாமே தாவரவியலில் ரோஜாக் குடும்பம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ரோஜாப்பூ வாங்கித் தந்ததில்லை என்ற குற்றச்சாட்டுக்கு நான் தட்டைக் காட்டித்தான் பதில் சொன்னேன். செல்லவில்லை, ஆனால் சிரித்தாள்.

நல்ல பேரிக்காய் கிடைக்காத காலம் என்றால் ஸ்ட்ராபெர்ரியே போதும், அடுப்பே பற்றவைக்க வேண்டாம். கால் கிலோ பழத்தை நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிரட்டி அரை மணி வைத்தால், சர்க்கரை பழத்தின் நீரை இழுத்துவந்து கிண்ணத்தில் அதுவாகவே ஒரு பாகு நிற்கும். ஆனால் வாங்கும்போதே காம்புவரை சிவந்த பழமாக வாங்குங்கள், பேரிக்காய் மாதிரி அது வீட்டுக்கு வந்து பழுக்காது, வெள்ளைத் தோளோடு வந்தது வெள்ளைத் தோளோடே அழுகும். வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி உறையவைத்து அரைத்தால் ஐஸ்கிரீம் மாதிரி வரும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், நன்றாகவும் இருக்கும், ஆனால் மிக்ஸி.

ஜெல்லியை நான் அடியோடு விட்டுவிடவில்லை. கடல்பாசி இருக்கிறதே, அகர் அகர். ஒரு கப் பழச்சாறுக்கு முக்கால் தேக்கரண்டித் தூள், இரண்டு நிமிஷம் நன்றாகக் கொதிக்க வேண்டும், வெதுவெதுப்பான நீரில் கலந்தால் கரையாது. 40 டிகிரிக்குக் கீழே வரும்போது உறைய ஆரம்பிக்கும், ஒருமுறை உறைந்தால் 85 டிகிரிவரை உருகாது. இந்தக் குணத்தால் இது உலகத்தையே மாற்றியிருக்கிறது என்பது நான் ஜெலட்டின் அவமானத்துக்குப் பிறகு தேடிக் கண்டுபிடித்த கதை. 1881இல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் பாக்டீரியாக்களை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வந்தால் ஜெலட்டின் உருகிவிடும், போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும். ஆய்வில் அவருக்கு உதவிவந்த அவர் மனைவி ஃபேனி வீட்டில் செய்யும் பழ ஜெல்லி மட்டும் எந்த வெயிலிலும் அசையாமல் நிற்கும். எப்படி என்று கேட்டிருக்கிறார். அகர், என்றார் ஃபேனி. சின்ன வயதில் நியூயார்க்கில் இருந்தபோது, ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டைவீட்டார் சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் கிருமி வளர்ப்பது அகரில்தான். கோக் 1882இல் எழுதிய கட்டுரையில் அகர் வருகிறது, ஃபேனியின் பேர் வரவில்லை.

இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, "அந்தாளு மனைவியைக் கேட்டாரு பாத்தியா, நீ கேக்கலை" என்றாள்.

மூன்றாவது வருஷ இரவுக்கு வருகிறேன். பேரிக்காய்கள் முதல் நாளே தயார். சாக்லேட் கலக்க மூன்று நிமிஷம் மட்டும் உள்ளே போனேன், அந்த மூன்று நிமிஷமும் அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த சிவப்புப் பழம், சூடான கறுப்புச் சாக்லேட், ஆளுக்கு ஒன்று. அவள் கரண்டியால் கழுத்தில் ஒரு வெட்டு வெட்டி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய்க் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தாள். பேரிக்காய்த் தோலும், மாதுளை ஓடும், இரண்டு முறை நான் படித்துப் பார்த்த சாக்லேட் உறையும் இருந்தன. வந்து உட்கார்ந்தவள் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, "மூணு வாங்கினியே, இன்னொண்ணு எங்கே?" என்றாள்.

சாயங்காலமே தின்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. என் தட்டில் மிச்சமிருந்த பாதியை அவள் பக்கம் நகர்த்தினேன்.